ஈரக் கையும் இடமாற்றமும்: சில குறிப்புகள்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பாலக்கோட்டிலிருந்து மும்பை. அலுவலகம் தாணேயில், வீடு டோம்பிவிலி பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாலை வழியாக ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஆறுதல், குர்லா எக்ஸ்பிரஸ். கோவையில் கிளம்பி, சேலம் தாண்டி, தருமபுரியில் நின்று, ஓசூர், பெங்களூரு, சோலாப்பூர், புனே என்று போகிறது. நடுவில் வண்டி மாற வேண்டாம். கல்யாணில் இறங்கினால் டோம்பிவிலி கிட்டேதான்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஊரை விட்டுப் போவது பழக்கமான விஷயம். கட்டட வேலைக்குப் பெங்களூரு, பனியன் கம்பெனிக்குத் திருப்பூர். ஒரு பையோடு பஸ் ஏறி, பொங்கலுக்குத் திரும்பி வருகிற போக்கு அது. பீரோ, கட்டில், மகளின் பள்ளிக்கூடம், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போவது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. போதாததற்கு எனக்கு உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டும் எந்நேரமும் வேர்த்துக் கொட்டும். அப்பாவுக்கும் அப்படி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கும் அப்படியே. கைக்கு அடியில் கைக்குட்டை விரித்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன்.

*

பெட்டி கட்டுவதில் முதல் எதிரி டேப். பழுப்பு டேப்பைக் கிழித்து ஒட்டுவதற்குள் விரல் பட்ட இடத்தில் பசை செத்துப்போகிறது. மேலே அழுத்தித் தேய்த்தால் அட்டையின் மேல்தாள் நைந்து திரளுகிறது. மார்க்கர் பேனாவில் ‘சமையல் 2’ என்று எழுதிவிட்டுப் பெட்டியை நகர்த்தினால், ‘சமையல்’ என் கையில் இருக்கிறது, ‘2’ மட்டும் பெட்டியில் இருக்கிறது. பாத்திரம் சுற்றிய செய்தித்தாளின் மை விரலில் ஏறி, அங்கிருந்து வெள்ளைச் சுவருக்குப் போகிறது. வீட்டுக்காரர் முன்பணத்தில் கழிப்பதற்குள் துடைக்க வேண்டும்.

இரும்புக் கடையில் லோடுமேன்கள் வாங்கும் பருத்திக் கையுறை கிடைக்கிறது. உள்ளங்கைப் பக்கம் சின்னச் சின்ன ரப்பர் புள்ளி வைத்தது. கனத்தைத் தூக்குவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஒரு ஜோடி நனைந்தால் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த ஜோடி. டேப் ஒட்ட மட்டும் அது உதவாது.

டேப்புக்கு வேறு வழி உண்டு. தூங்கும்போது உள்ளங்கை வேர்ப்பதில்லை. விடிகாலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்கு என் கை ஊரார் கை மாதிரியே இருக்கும். முதல் நாள் இரவே பெட்டிகளை நிரப்பி, வாயை மூடாமல் வரிசையாக வைத்துவிட வேண்டியது. காலையில் காபிக்கு முன்னால் டேப்பும் மார்க்கரும். பேப்பர்காரர் வருவதற்குள் முடித்தால் சரி. அதற்குப் பிறகு அன்றைய கவலைகள் எழுந்து வந்துவிடும். அவற்றோடு கையும்.

*

“குளுரு ஊருக்குப் போனா சரியாயிடும் கண்ணு” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வருஷக்கணக்காகச் சொல்கிறார். சரியாகாது. பெங்களூருவில் மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் என் விரல்நுனியில் துளி நிற்கும்.

காரணம் இதுதான். உடம்பைக் குளிர்விக்க வரும் வேர்வை பெரும்பாலும் முதுகு, நெஞ்சு, நெற்றிப் பக்கம். அது வெயிலுக்குக் கட்டுப்பட்டது. உள்ளங்கை, உள்ளங்கால் வேர்வை மனசுக்குக் கட்டுப்பட்டது. பரபரப்பு, பயம், கவனம், ஒரு கேள்விக்குப் பதில் யோசிப்பது, இது போதும் அதற்கு. எல்லா மனிதருக்கும் இது கொஞ்சம் உண்டு. சிலருக்கு வேர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்பின் தூண்டல் மிதமிஞ்சிப் போகிறது. சுரப்பிகளில் கோளாறு கிடையாது. எண்ணிக்கையும் மற்றவர்களுக்கு இருப்பதுதான், உடம்பு முழுக்க இருபது முதல் நாற்பது லட்சம் வரை. சிறு வயதிலோ பருவ வயதிலோ தொடங்கும், இரண்டு கையிலும் ஒரே அளவாக இருக்கும், தூக்கத்தில் நின்றுவிடும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கும். டாக்டர்கள் இதை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. “நம்ம வீட்டுக் கை” என்பார்.

இன்னொன்று: வேர்க்கிறதே என்று நினைத்தால் இன்னும் வேர்க்கும். அதனால் “பதட்டப்படாதே” என்ற அறிவுரையால் எனக்கு ஒரு சொட்டும் குறைந்ததில்லை.

*

சின்ன வயதில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போவேன். தரகர் துண்டை விரித்துப் போட்டுக்கொள்வார். அதற்கடியில் கையைக் கொடுத்து விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இந்த விரல் இத்தனை ஆயிரம், அந்தக் கணு இத்தனை நூறு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை தாத்தா மாட்டை ஓட்டிவந்து, அப்பாவைக் கை கொடுக்கச் சொன்னார். பேரம் பேசிய தரகர் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்: “கை இப்படி வேர்க்குதே, எறங்கி வந்துடுவான்.” அப்பா இறங்கவில்லை. மாடு விற்காமல் திரும்பி வந்தது. வழியெல்லாம் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஈரக் கையைப் பயத்தின் அடையாளமாகப் படிப்பது எல்லா ஊரிலும் நடக்கும். நேர்முகத் தேர்வில் கை குலுக்குபவர் அப்படித்தான் படிக்கிறார். நம் ஊரில் கும்பிட்டால் போதும் என்பது எனக்கெல்லாம் பெரிய உபகாரம். தாணே அலுவலகத்தில் முதல் நாள் எத்தனை கைகள் நீளும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

லாரி விசாரித்தேன். தனி வண்டி பிடித்தால் கட்டுப்படி ஆகாது. இரண்டு வழி. பேக்கர்ஸ்காரர்கள் ‘பார்ட் லோடு’ என்று இரண்டு மூன்று வீட்டுச் சாமானை ஒரே வண்டியில் ஏற்றுவார்கள். விலை குறைவு, ஆனால் வந்து சேரும் நாளை உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். இல்லாவிட்டால், அங்கிருந்து வந்து இங்கே சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் லாரி. ரிட்டர்ன் லோடு என்றால் வாடகை இறங்கும். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வரை 44-ஆம் எண் நெடுஞ்சாலை. பிறகு 48-ஆம் எண்ணில் சித்ரதுர்கா, ஹுப்பள்ளி, கோலாப்பூர், புனே.

குறித்து வைக்க வேண்டியவை:

பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. ஆனால் என்னென்ன ஏற்றினோம் என்ற பட்டியல் இரண்டு பிரதி, கையெழுத்தோடு வேண்டும்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, முன்பணத்தையும் மாற்றல் வவுச்சரையும் வாங்கிக்கொண்டால் அங்கே புதிய இணைப்பு எடுக்கலாம்.

ஸ்கூட்டர் டிஎன் 29. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்னால் இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, படிவம் 28. ரயிலில் பார்சல் போடுவதானால் டேங்கில் பெட்ரோல் சொட்டுக்கூட இருக்கக் கூடாது, ஆர்சி நகல் வேண்டும், கோணி சுற்றிக் கட்ட வேண்டும். விற்றுவிடலாமா என்றும் யோசனை. கைப்பிடி ரப்பரை நான்தான் அரித்து வைத்திருக்கிறேன், அதற்கு விலையில் எவ்வளவு குறைப்பார்களோ.

மகளின் மாற்றுச் சான்றிதழ், அதில் எமிஸ் (பள்ளி மாணவர் பதிவு) எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

*

வீட்டில் பட்டுப்புழு வளர்த்த காலம். மல்பெரி இரண்டு ஏக்கர். ஈர இலையைப் போட்டால் புழுவுக்கு நோய் வரும், ஆகவே மழை நாளில் இலையை உலர்த்தித்தான் போடுவார்கள். அம்மா அப்பாவையும் என்னையும் புழு வீட்டு வாசலோடு நிறுத்திவிடுவார். “ஈரக் கையோட தட்டுக்கிட்ட வராதீங்க.” எங்களுக்குக் கிடைத்த வேலை தோட்டத்தில் இலை ஒடிப்பது, கடைசியில், புழு கூடு கட்டும் சந்திரிகைத் தட்டியிலிருந்து கூடு பறித்த பிறகு மூட்டையைத் தருமபுரி ஏல அங்காடிக்குக் கொண்டுபோவது. கூட்டைத் தொட விட்டதில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. அம்மா அதை மழை மாதிரி, இலை மாதிரி, கையும் ஒரு ஈரம் என்று மட்டும்தான் பார்த்தார். அதில் அசிங்கம் எதையும் சேர்க்கவில்லை.

*

அந்த நினைப்பு வந்ததும் ஒரு பட்டியல் போட்டேன். இந்த ஊரில் என் கைக்காக யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று. போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, பெட்டியில் கட்ட முடியாத சாமான் இவ்வளவு இருக்கிறது.

ரேஷன் கடை அக்கா. 2020-இல் கைரேகை இயந்திரம் வந்தபோது எனக்கு ரேகையே விழாது. ஈரத்தில் வரியெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அக்கா மேசை டிராயரில் ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறார். நான் வரிசையில் வரும்போதே எடுத்து நீட்டிவிடுவார்.

தையல்காரர். ரவிக்கையில் அக்குளுக்குக் கேட்காமலே இரட்டைத் துணி வைப்பார். வெளிர் நீலமும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போனால், “இது வேணாங்க, ஈரம் தெரியும்” என்று திருப்பி அனுப்புவார்.

மளிகைக்கடை அண்ணன். சில்லறையைக் கையில் கொடுக்காமல் கல்லா மேல் வைப்பார். எல்லோருக்கும் அப்படித்தானோ என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

வங்கியில் ஒரு சார். என் படிவத்தை மட்டும் அவரே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டுவார்.

மகளின் டீச்சர். பரீட்சை அன்று அவளுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம். விடைத்தாளின் மேல் வைக்க ஒரு கூடுதல் வெள்ளைத்தாள்.

கோலாட்டத்தில் அவளுக்கு ஜோடியாக நிற்கும் பெண். இருவரும் கோலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள், ஒருத்தி மட்டும் வித்தியாசமாகத் தெரியக் கூடாதென்று.

இவர்களில் யாரிடமும் நான் எதையும் கேட்டதில்லை. கூடவே இருந்ததில் தானாக அமைந்தது. அங்கே இதையெல்லாம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். மாற்றலுக்கான தயாரிப்பு என்றால் எனக்கு முக்கியமாக அதுதான். மற்றதை லாரிக்காரர் பார்த்துக்கொள்வார்.

*

கிளம்புவதற்கு முன் மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் சொன்னதும் நான் படித்ததும் சேர்த்து:

முதலில் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரியவரான பிறகு திடீரென்று உடம்பு முழுக்க வேர்க்க ஆரம்பித்தால் தைராய்டு, சர்க்கரை இரண்டும் பார்க்க வேண்டும். ராத்திரியில் படுக்கை நனைகிற அளவு வேர்த்து, எடையும் குறைந்தால் காசநோய்ச் சோதனை. சில மாத்திரைகளாலும் வரும். சின்ன வயதிலிருந்து கை கால் மட்டும் என்றால் பயம் இல்லை.

அலுமினியம் குளோரைடு கரைசல். இதுதான் முதல் படி, 20 சதவீதம் வரை கிடைக்கிறது. ராத்திரி, கை நன்றாக உலர்ந்திருக்கும்போது தடவி, காலையில் கழுவ வேண்டும். சுரப்பியின் வாயை அடைக்கிற வேலை அது. ஈரத்தின் மேல் தடவினால் எரியும், பலனும் இல்லை. அக்குளுக்கு நன்றாகக் கேட்கும், கைக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் விற்கும் டியோடரன்ட் வேறு, வாசனைக்கு மட்டும். ‘ஆன்டிபெர்ஸ்பிரன்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தண்ணீர்த் தட்டில் மின்சாரம். ஐயன்டோபோரசிஸ். குழாய்த் தண்ணீர் ஊற்றிய இரண்டு தட்டில் கையை வைத்து, மிக மெல்லிய மின்னோட்டத்தை இருபது முப்பது நிமிடம் செலுத்துவார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறை போல, பிறகு குறைத்துக்கொண்டு வரலாம். நிறுத்தினால் திரும்பிவிடும். மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இது நல்ல வழி என்கிறார் டாக்டர். டோம்பிவிலி பக்கம் எங்கே செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

போட்டாக்ஸ் ஊசி. அக்குள் வேர்வைக்கு அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது. சில மாதம் தாங்கும், மறுபடி போட வேண்டும். உள்ளங்கையில் போட்டால் வலி அதிகம், கொஞ்ச நாள் பிடி தளரலாம். செலவும் உண்டு. எங்கெங்கே வேர்க்கிறது என்று பார்க்க அயோடின் தடவி அதன் மேல் மாவுப்பொடி தூவுவார்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் கருநீலமாகிவிடும். மைனர் என்ற மருத்துவர் 1928-இல் எழுதிய சோதனை, இன்றும் அதுதான். சோற்றுக் கஞ்சியும் அயோடினும் சேர்த்துப் பள்ளியில் செய்தோமே, அதே வேதியியல்.

கிளைக்கோபைரோலேட் மாத்திரை. நரம்பின் தகவலைத் தடுப்பது. வாய் உலரும், மலச்சிக்கல், கண் மங்கல் வரலாம். உடம்பு முழுக்க வேர்வை குறைவதால் வெயிலில் உடம்புச் சூடு ஏறும் ஆபத்தும் உண்டு. பிள்ளைக்கு இப்போது வேண்டாம் என்றார்.

அறுவை சிகிச்சை. நெஞ்சுக்குள் கை வேர்வையைத் தூண்டும் நரம்பைத் துண்டிப்பது. கை உலர்ந்துவிடும். ஆனால் பலருக்கு முதுகிலும் தொடையிலும் வயிற்றிலும் வேர்வை ஆரம்பித்துவிடும். சிலருக்கு அது முன்னதைவிடத் தொல்லை. திருப்பிப் பழையபடி ஆக்க முடியாது. அதனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக.

மகள் கேட்ட ஒரே கேள்வி: “கரண்டு ஷாக் அடிக்குமா?” எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். “அப்ப பரவால்ல.”

*

அலுமினியம் குளோரைடு பாட்டிலை லாரியில் போடக் கூடாது. சாராயம் கலந்திருப்பதால் தீப்பிடிக்கும். துணியோடும் வைக்கக் கூடாது. கையோடு வரும் பையில், பிளாஸ்டிக் உறை போட்டு.

*

தண்ணீர் பற்றி. வேர்ப்பவர்களுக்குத் தாகமும் அதிகம். நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உகந்ததில்லை என்பது கணக்கு. அதைத் தாண்டிய ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருந்தன. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. மகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. என் பல்லில் கோடு இருக்கிறது. கை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. தண்ணீரால் வந்தது தண்ணீரை மாற்றியதில் போனது. பிறவியில் வந்ததற்குக் குழாய் போட யாரும் இல்லை.

*

தருமபுரி வெயில் காய்ச்சும், ஆனால் காற்று உலர்ந்தது. வேர்வை வந்த வேகத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஐந்நூற்று எண்பது கிலோ கலோரி அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பின் உத்தியே அதுதான். மும்பையில் கடல்காற்று ஏற்கெனவே ஈரத்தோடு வருகிறது. வேர்வை ஆவியாக இடமில்லாமல் தோலிலேயே நிற்கும், வழியும், குளிர்விக்காது. இங்கே ஆண்டு மழை தொள்ளாயிரம் மில்லிமீட்டரைச் சுற்றி. அங்கே இரண்டாயிரத்துக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள். நாங்கள் போய்ச் சேர்வதும் பள்ளி திறப்பதும் மழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம்.

ஆகவே: மூடிய ஷூ ஒன்று போதாது, இரண்டு ஜோடி வேண்டும். ஒன்றைப் போட்ட மறுநாள் அதற்கு ஓய்வு. நனைந்த காலுறையை மாற்றாமல் இருந்தால் பாதத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்து நாறும், அது பாக்டீரியா வேலை. பருத்திக் காலுறை நிறைய. ரப்பர் செருப்பு வேண்டாம். ஈரப் பாதம் அதற்குள் வழுக்கி, நடக்கும்போது கீச் கீச்சென்று ஊரையே கூப்பிடும்.

லோக்கல் ரயிலைப் பற்றி அங்கே இருக்கும் ஒரு தோழியிடம் கேட்டேன். “மேலே தொங்குற பிடியைப் பிடிச்சா போதும், அங்க எல்லார் கையும் ஈரம்தான், யாரும் பாக்க மாட்டாங்க” என்றார். மும்பையைப் பற்றி இதுவரை கேட்டதில் மிக நல்ல செய்தி இது.

*

வாடகை ஒப்பந்தம். அங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்கிறார்கள், வழக்கமாக 11 மாதத்துக்கு. மகாராஷ்டிரச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைன் பதிவு என்றால் ஏஜென்ட் ஒரு சின்ன இயந்திரத்தோடு வீட்டுக்கே வந்து, வீட்டுக்காரர், குடியிருப்பவர், சாட்சி எல்லோருடைய கட்டைவிரல் ரேகையும் எடுப்பார். கேட்டதும் கை வேர்த்துவிட்டது.

என்ன செய்வது: விடிகாலை நேரம் கேட்க முடியாது. முந்தின இரவு கரைசல் தடவிக்கொள்ள வேண்டும். கைக்குட்டையில் கொஞ்சம் டால்கம் பவுடர் கட்டிக்கொண்டு போய், துடைத்து, உடனே அழுத்த வேண்டும். பவுடர் விரலில் மிஞ்சினால் கண்ணாடியில் படிந்து ரேகை விழாது, அதையும் ஊதிவிட வேண்டும். வீட்டுக்காரர் முன்னால் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம்: “எனக்குக் கை வேர்க்கும், ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும்.” முன்பணம் கொடுக்கும் நேரத்தில் கை வேர்ப்பதை அவர் வேறு மாதிரிப் படித்துவிடக் கூடாது. அப்பாவின் மாட்டுத் தரகர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

ஆதாருக்குக் கருவிழி, முகம் இரண்டு வழியும் இருக்கின்றன. ரேகை விழாத இடத்தில் அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

*

அசல் சான்றிதழ்கள் என் கை படாமல் கட்டப்பட வேண்டியவை. கணவரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலித்தீன் உறையில். லேமினேட் செய்யக் கூடாது, பின்னால் சில அலுவலகங்களில் ஏற்க மாட்டார்கள். கல்லூரிச் சான்றிதழின் ஓரத்தில் என் கட்டைவிரல் அகலத்துக்கு மை பரவியிருக்கிறது. பட்டமளிப்பு விழா அன்று மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் ஆனது. அதைத் தேடிப் பார்த்துவிட்டு, “உங்க கையெழுத்து இதுலயும் இருக்கே” என்றார் அவர்.

தையல் ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க. நான் தொட்ட ஊசி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும்.

*

எடுத்துப் போவதா, விடுவதா:

அம்மி வேண்டாம், கனம். அம்மா கோபித்துக்கொள்வார்.

களி கிண்டும் துடுப்பு கட்டாயம். அங்கே கேழ்வரகு மாவு கிடைக்கும், துடுப்பு கிடைக்காது. களி ஒன்றுதான் ஈரக் கையை எதிர்பார்க்கிற சாப்பாடு. எல்லோரும் தண்ணீரில் கை நனைத்துக்கொண்டு உருட்டுவார்கள். எனக்கு அந்தக் கிண்ணம் தேவைப்பட்டதில்லை. மாமியார் வீட்டில் முதல் நாள் இதற்காகத்தான் நல்ல பெயர் வாங்கினேன்.

புளி ஒரு வருஷத்துக்கு, உப்புப் போட்டு இடித்து, ஜாடியில். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஜாடி வாயில் துணி கட்டி.

வெள்ளிக் கொலுசு, பித்தளை வளையல் அம்மாவிடம். என் கை காலில் கறுத்துவிடும்.

*

மகளின் புதுப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று.

‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு. என் மகளுக்கு உள்ளங்கை அதிகமாக வேர்க்கும். பிறவியிலிருந்து உள்ளது, தொற்றாது, வலி கிடையாது, மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்காகச் சில வேண்டுகோள்கள். மேசையில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். பரீட்சையில் விடைத்தாளுக்கு மேல் ஒரு கூடுதல் தாள் வேண்டும். ஓ.எம்.ஆர். தாள் கொடுத்தால், நனைந்து போனால் மாற்றித் தர வேண்டும். கை பிடித்து விளையாடும் விளையாட்டில் அவள் தயங்கினால் பயம் என்று நினைக்க வேண்டாம். மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’

படித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கையை எடுத்தபோது கன்னம் பளபளத்தது. பென்சிலை வாங்கிக் கடைசி வரியை அடித்தாள்.

“ஏம்மா?”

“அத எழுதுனா அவங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லுவாங்க. யாராச்சும் கேட்டா நானே சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“எங்க வீட்டுக் கை இப்பிடித்தான்னு. மராத்தியில எப்பிடிச் சொல்றதுன்னு மட்டும் கேட்டு வைம்மா.”

தோழிக்குப் போன் போட்டுக் கேட்டு, எழுதி வாங்க வேண்டும். நாளைய வேலைகளில் சேர்த்தாயிற்று. ஆர்டிஓ அலுவலகத்துக்கு அடுத்ததாக, கேஸ் ஏஜென்சிக்கு முன்னதாக.